தடுப்பைத் தாண்டாத சுண்டெலி

வலி மருந்துகளைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது என் வேலை. யாராவது கேட்டால் மருந்தியல் ஆய்வு என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். எலிக்கு ஊசி போடுகிறேன் என்று சொன்னால், அதற்கு வலிக்காதா என்று அடுத்த கேள்வி வரும். வலிக்கும். வலிக்க வைத்துத்தான் பார்க்கிறோம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் இதைச் சொல்லிவிட்டு ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட முடியாது.

எங்கள் கல்லூரி கோயம்புத்தூரிலிருந்து மதுக்கரைக்குப் போகிற சாலையில் இருக்கிறது. எனக்கு ஒப்பந்த வேலை. ஆய்வு ஓடுகிற வரைக்கும்தான் நாற்காலி. அந்த ஆய்வு எங்கள் துறைத் தலைவருடையது. அவர் ஒரு செடியின் வேரிலிருந்து சத்தெடுத்து, அது வலியைப் போக்கும் என்று பல வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். ஆனால் அந்த வேரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுவதும் யாரோடும் பேசமாட்டார்.

நாங்கள் செய்துகொண்டிருந்த சோதனை எளிதானது. எலியின் வயிற்றில் நீர்த்த அமிலத்தைக் கொஞ்சம் ஊசியில் ஏற்றுவோம். சற்று நேரத்தில் அதற்கு வயிறு பிடித்து இழுக்கும். முதுகை வளைத்து, பின்னங்கால்களை நீட்டி நெளியும். எத்தனை முறை நெளிகிறது என்று எண்ண வேண்டும். முன்கூட்டியே மருந்து கொடுத்த எலி குறைவாக நெளிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். ரொம்ப காலமாகப் பல ஊர்களிலும் இப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நாங்களும் எண்ணினோம். வேரின் சத்தைக் கொடுத்த எலிகள் அனேகமாக நெளியவே இல்லை. பள்ளிக்கூடத்தில் வாய்மேல் விரல் வைக்கச் சொன்ன பிள்ளைகளைப்போல அடக்கமாக மூலையில் உட்கார்ந்திருந்தன. தலைவர் பூரித்துப்போனார். அவருடைய பூரிப்பில்தான் என் வேலையும் இருந்தது என்பதால் நானும் பூரித்தேன்.

அந்தப் பங்குனியில் கோபிசெட்டிபாளையத்தில் என் அம்மாவுக்கு அக்கி வந்தது. இடது விலாவைச் சுற்றிப் பட்டையாகக் கொப்புளம். தம்பியும் அவன் மனைவியும்தான் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார்கள். காலையில் மண்பானை செய்கிறவரை வரவழைத்துக் காவியைக் குழைத்து அக்கி எழுதினார்கள். மத்தியானம் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். எங்கள் ஊரில் இந்த இரண்டுக்கும் சண்டையே கிடையாது. கொப்புளம் காய்ந்து உதிர்ந்தபோது பெருமையை இரண்டு பேருக்கும் சமமாகப் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் வலி போகவில்லை. சிலருக்கு அப்படி ஆகும். தோல் ஆறிவிடும், உள்ளே நரம்பு எரிந்துகொண்டே இருக்கும். ரவிக்கை உரசினால் அம்மா அலறினாள். படுக்கை விரிப்பின் சுருக்கம் பட்டால் அலறினாள். சுவரைக் கையால் அறைந்தாள். தம்பி பயந்துபோய் மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போனான். முதலில் தூங்கட்டும், பிறகு வலி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மருந்தை மாற்றலாம் என்று அவர் தம்பியிடம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது உள்ளூர்க் கடைகளில் கிடைக்கவில்லை. கோயம்புத்தூரில் வாங்கி நானே எடுத்துப் போனேன். எப்போது சாப்பிட வேண்டும், எதோடு சாப்பிட வேண்டும் என்றும் நானே சொன்னேன். அது தூக்கத்துக்கான மாத்திரை என்பது எனக்குத் தெரியும். தூங்கி எழுந்தால் உடம்பு தேறும், நரம்பும் மெல்ல அடங்கும் என்று நினைத்தேன். பேச்சோடு பேச்சாக எங்கள் எலிகளின் கதையையும் அம்மாவிடம் அளந்தேன். மருந்து பிரமாதமாகக் கேட்கிறது என்றும், இது நல்லபடியாக முடிந்தால் என்னை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

அடுத்த வாரமே வீடு அமைதியாகிவிட்டது. டாக்டரிடம் திரும்பப் போனபோது அவர், “எப்படிங்க இருக்குது?” என்று கேட்டிருக்கிறார். அம்மா, “நல்லாருக்குதுங்க” என்றிருக்கிறாள். அவர் அதே மாத்திரையைத் தொடரச் சொல்லிவிட்டார். டாக்டரை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு அந்த ஒரே பதில்தான் உண்டு. வைத்தியம் பார்த்த மனிதரின் முகத்துக்கு நேராக, உங்கள் மருந்து கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? பந்தியில் உப்பில்லாத குழம்பையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிற கூட்டம் நாங்கள். மரியாதை முதலில், மற்றதெல்லாம் பிறகு.

இதற்கிடையில் ஓர் ஆய்விதழுக்கு நாங்கள் அனுப்பிய கட்டுரை திரும்பி வந்தது. இதழுக்காக அதைப் படித்துப் பார்த்த நிபுணர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். உங்கள் எலிகள் வலி இல்லாததால் நெளியவில்லையா, அல்லது நெளிய முடியாததால் நெளியவில்லையா?

தலைவர் கொதித்தார். நானும் அவரோடு சேர்ந்து கொதித்தேன். எலியைக் கண்ணால் பார்க்காதவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வி என்று இரண்டு பேரும் டீ ஆறிப்போகிற வரை திட்டினோம். திட்டி முடித்தபின் அந்தக் கேள்வி அப்படியே மேஜையில் கிடந்தது.

அதற்குப் பதில் சொல்ல ஒரு வழி உண்டு. வலியால் எலி என்ன செய்கிறது என்று பார்க்காமல், வலியால் அது எதைச் செய்யாமல் விடுகிறது என்று பார்ப்பது. ஒரு பெட்டியை இரண்டு அறையாகப் பிரித்து, நடுவில் வாசல் வைத்து, வாசலில் எலி ஏறித் தாண்டும்படி சின்னத் தடுப்பு ஒன்று வைக்க வேண்டும். நன்றாக இருக்கிற எலி சும்மா இருக்காது. இந்த அறை, அந்த அறை என்று தாண்டித் தாண்டி மோப்பம் பிடித்துக்கொண்டே இருக்கும். வலி வந்தால் தாண்டுவதை நிறுத்திவிடும். உண்மையிலேயே வலியைப் போக்குகிற மருந்தாக இருந்தால் மறுபடி தாண்ட வேண்டும். மயக்கிப் போடுகிற மருந்து இதில் ஏமாற்ற முடியாது.

பெட்டி எங்கே கிடைக்கும் என்று கவலைப்படவில்லை. கோயம்புத்தூரில் ஒரு தாளில் படம் வரைந்து பட்டறையில் கொடுத்தால் போதும், எதுவாக இருந்தாலும் செய்து தந்துவிடுவார்கள். பட்டறைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க மேடம், எலி புடிக்கற கூண்டுங்களா இது?”

“இல்லீங்க. புடிச்ச எலி வெளையாடறதுக்குங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “செரிங்க” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. பெட்டி கச்சிதமாக வந்தது.

முதலில் ஒன்றும் கொடுக்காத எலியை விட்டோம். ஒரு நிமிடம்கூட ஓரிடத்தில் நிற்கவில்லை. பிறகு அமிலம் மட்டும் கொடுத்த எலி. அது விட்ட அறையிலேயே ஒண்டிக்கொண்டது. பிறகு, நாம் எல்லோரும் பல்வலிக்கும் முழங்கால் வலிக்கும் விழுங்குகிறோமே, அந்தச் சாதாரண வலி மருந்தைக் கொடுத்து அமிலமும் கொடுத்த எலி. கொஞ்சம் தயங்கியது, தடுப்பின் மேல் முன்னங்கால்களை வைத்தது, தாண்டியது. பிறகு தாண்டிக்கொண்டே இருந்தது. நான் குழந்தைபோலக் கை தட்டினேன். பெட்டி சரியாக வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது. கடைசியாக எங்கள் வேரின் சத்தைக் கொடுத்த எலியை எடுத்து அமிலம் போட்டு உள்ளே விட்டேன். தலைவர் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

அது தாண்டவில்லை.

நேரம் போனது. அது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. தூங்குகிறது என்று முதலில் நினைத்தேன். தூங்குகிற சுண்டெலியை எனக்கு நன்றாகத் தெரியும்; உடம்பைச் சுருட்டிக்கொண்டு தளர்ந்து கிடக்கும். இது தளரவில்லை. குனிந்து அதன் முகத்தைப் பார்த்தேன். கண்களை இடுக்கி, காதுகளைப் பின்னுக்கு இழுத்து, கன்னம் உப்பி, மயிர் சிலிர்த்து இருந்தது. அது வலியில் இருந்தது. அமிலம் அதன் வயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது, நெளிவதற்கு உடம்பு மட்டும் கேட்கவில்லை.

அமிலம் போடாமல் சத்தை மட்டும் கொடுத்தும் பார்த்தோம். வலியே இல்லாத அந்த எலியும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் மருந்து எலியை அடக்கியிருந்தது, வலியை அல்ல.

“ஒருக்கா திருப்பிப் பாத்துருங்க மேடம்” என்றார் தலைவர். வேறு எலிகளை வைத்துத் திருப்பிப் பார்த்தோம். திருப்பிப் பார்த்தாலும் அதேதான். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அப்பறம் இத்தனை நாளா நாம பாத்த எலியெல்லாம்...” என்றார். மூலையில் அடக்கமாக உட்கார்ந்திருந்த அத்தனை எலிகளும் என் கண் முன்னால் வந்தன. ஒவ்வொன்றும் வெற்றி என்று நான் குறித்துக்கொண்ட எலி. அவற்றைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். போன் அடித்தது. தம்பி மனைவி.

“அண்ணி, அத்தைக்கு மாத்திரை தீரப்போகுதுங்க. வாரப்ப வாங்கிட்டு வந்துருங்க. நல்லாக் கேக்குதுங்க அது. சத்தங்கித்தம் ஒண்ணுமே இல்லீங்க. வெச்ச எடத்துல அப்படியே இருக்கறாங்க.”

“என்ன சொன்னே?” என்றேன்.

“வெச்ச எடத்துல இருக்கறாங்கன்னனுங்க. ஏனுங்க அண்ணி?”

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அன்றைக்குச் சனிக்கிழமை. சொல்லிக்கொள்ளக்கூட உள்ளே போகவில்லை. கையில் இருந்த பையோடு பஸ் ஏறினேன். அவிநாசி தாண்டுகிற வரை எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டு வந்தேன். எலி வேறு, மனிதர் வேறு. எலிக்கு வாய் இல்லை, என் அம்மாவுக்கு ஊருக்கே கேட்கிற வாய் இருக்கிறது. வலித்தால் சொல்லமாட்டாளா? அப்புறம் பஸ்ஸில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன், ஒன்றும் கண்ணில் பதியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் முகத்தில் அனல் அடித்தது. சித்திரை வெயில், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட முன்னறை. அம்மா கட்டிலில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை ஓடியது. மேலே ஃபேன் நின்றிருந்தது.

“ஃபேன் கெட்டுப்போச்சா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க அண்ணி, அத்தை வேண்டாமுன்னுட்டாங்க. குளிருதாமா” என்றாள் தம்பி மனைவி. சொல்லும்போதே அவளுக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். சித்திரையில் எங்கள் ஊரில் யாருக்குக் குளிரும்?

“வா கண்ணு. சாப்ட்டியா?” என்றாள் அம்மா, திரும்பாமலே.

“வலி எப்படீம்மா இருக்குது?”

“அதெல்லாம் செரியாப்போச்சு கண்ணு.”

தம்பி மனைவியைச் சமையலறைக்குக் கூட்டிப்போனேன். அம்மா என்னென்ன செய்கிறாள் என்று கேட்கவில்லை. முன்னால் செய்து இப்போது எதையெல்லாம் விட்டுவிட்டாள் என்று கேட்டேன். அவள் விழித்தாள். ஒன்றும் விடவில்லையே என்றாள். பிறகு, வாசலுக்கு வருவதில்லைதான் என்றாள். தலை சீவிக்கொள்வதில்லை, நான்தான் சீவிவிடுகிறேன், கையைத் தூக்கினால் களைப்பாக இருக்கிறதாம் என்றாள். சாய்ந்து உட்காருவதில்லை. பேரனை மடியில் ஏற்றுவதில்லை, அவன் ஏற வந்தாலும் போ போ என்று தள்ளிவிடுகிறாள். டிவி சீரியல் பார்ப்பதில்லை. சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. “நான் அசதீன்னு நெனச்சனுங்க அண்ணி. தூங்கறாங்கன்னே நெனச்சனுங்க” என்று சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பெண் அம்மாவை எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

திரும்ப முன்னறைக்கு வந்தேன். இப்போது நான் செய்ததை நினைத்தால் எனக்கே கூசுகிறது. ஆனால் வேறு வழி தெரியவில்லை. சுவிட்சைப் போட்டேன். ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. காற்று அம்மாவின் முதுகைத் தொட்டது, விலாவின் மேல் போட்டிருந்த மெல்லிய துண்டின் ஓரம் லேசாக அசைந்தது.

நான் கட்டிலின் அந்தப் பக்கம் போய் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கண்களை இடுக்கியிருந்தாள். பற்களைக் கடித்திருந்தாள். கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த கையில் நரம்பு புடைத்திருந்தது. காலையில் பெட்டிக்குள் நான் பார்த்த அதே முகம், என் அம்மாவின் முகத்தில்.

“காத்து நல்லாருக்குது கண்ணு” என்றாள்.

ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினேன். அவசரத்தில் பக்கத்து சுவிட்சும் சேர்ந்து விழுந்து, பட்டப்பகலில் டியூப்லைட் எரிந்தது. அம்மாவுக்கு வலி ஒரு நாளும் நிற்கவில்லை. மாத்திரை அவளுடைய சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. மிச்சத்தை அவளே பல்லைக் கடித்து உள்ளே வைத்திருக்கிறாள். வலியைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவள் நான், மாதத்துக்கு இரண்டு முறை வந்து இந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். “உனக்கு எதுக்கு கண்ணு இந்த ரோசனையெல்லாம், வேலையப் பாரு” என்று மட்டும் சொன்னாள் அம்மா.

திங்கட்கிழமை தம்பி காரை எடுத்தான். கோயம்புத்தூரில் நரம்பு வலிக்கென்றே பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். என்னைவிட இளையவர். அவர் அம்மாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “வலி எப்படிங்கம்மா இருக்கு?” என்றார்.

“நல்லாருக்குதுங்க” என்றாள் அம்மா.

நான் வாயைத் திறந்தேன். டாக்டரம்மா கையைக் காட்டி என்னைப் பேச வேண்டாம் என்றார். பேனாவின் மூடியால் அம்மாவின் வலது விலாவில், துணி மேலேயே, மெல்லத் தடவினார். அம்மா சும்மா இருந்தாள். அதேபோல இடது பக்கம் கொண்டுபோனார். மூடி துணியில் படுவதற்கு முன்பே அம்மாவின் உடம்பு முழுக்கச் சுருங்கியது. டாக்டரம்மா கையை எடுத்துவிட்டார்.

“இவ்வளவு வலியை வெச்சுட்டு நல்லாருக்குதுன்னு சொல்றீங்களேம்மா. ஏனுங்க?”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் சாய்ந்து, நான் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினாள். அந்தச் சின்ன அறையில் எனக்கு எல்லாமே கேட்டது.

“நான் திங்கற மாத்திரை என்ற புள்ள கண்டுபுடிச்சதுங்க. எலிக்கெல்லாம் நல்லாக் கேக்குதுன்னு சொன்னா. எனக்கு மட்டுந்தான் கேக்கலீங்க. அதைய எப்படிங்க வெளியில சொல்றது? பெரிய வாத்தியாரு காதுக்குப் போச்சுன்னா அவளை வேலைய உட்டு நிறுத்திப்போடுவாங்கல்லங்க. அதுதானுங்க, செரியாப்போச்சுன்னு எல்லாருகிட்டயும் சொல்லிப்போட்டேன்.”

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். தம்பி கதவோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் எழுந்துபோய் அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

“அம்மா, அது நான் செஞ்சது இல்லம்மா. நம்மூரு டாக்டரு எழுதிக் குடுத்தது. காந்திபுரத்துல கடையில வாங்குனேன். தூங்கறதுக்குக் குடுத்த மாத்திரை அது. எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. “நெசமாலுமா?” என்றாள்.

“சத்தியமா.”

“அதுனால உன்ற வேலைக்கு ஒண்ணும் வராதா?”

“வராதும்மா.”

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு முகம் கோணியது, இத்தனை நாள் பிடித்து வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது.

“அப்படீன்னா வலிக்குது கண்ணு” என்றாள். “ரொம்ப வலிக்குது.”